எடை நடுவைத் தாண்டலாகாது

“நீ எத்தனை ராத்தல் இருப்பே, பாப்பா?”

ஓவர்சியர் அருணகிரி இப்படிக் கேட்டபோது பொன்னாயி நரியோடைப் பாலத்தின் நட்டநடுவில் புத்தகப் பையோடு நின்றிருந்தாள். ஊஞ்சக்காட்டில் அதுவரை யாரும் அவளை இந்தக் கேள்வி கேட்டதில்லை. யார் ஊட்டுப் புள்ளை என்று கேட்பார்கள். ஆட்டுக்குத் தழை ஒடித்தாயா என்று கேட்பார்கள். சங்ககிரி மாமன் மகனுக்கு மீசை வந்துவிட்டதாமே என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். எதற்கும் அவள் பதில் சொல்வதில்லை. கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இதற்கும் அப்படியே நின்றாள்.

பாலம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பனைகளை நெடுக்கே பிளந்து, தட்டையான பக்கம் மேலாகப் பரப்பி, குறுக்குச் சட்டம் கொடுத்து, வடக்கயிற்றால் இறுக்கிக் கட்டியது. பொன்னாயியின் அப்பன் மயில்சாமியும் ஊர்க்காரர்களும் சேர்ந்து போட்டது. அதன் மேல் நிலக்கடலை மூட்டை போனது. எருமை போனது. பாடை போனது. பொன்னாயி ஆறாம் வகுப்புக்குப் போனாள். ஊஞ்சக்காட்டுப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஓடையைத் தாண்டி எருமப்பட்டிக்குத்தான் போக வேண்டும். அப்படித் தாண்டிய முதல் பெண்பிள்ளை அவள்.

அந்தப் பாலத்துக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது ஏன் விழாமல் நிற்கிறது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பால ஆலோசனை இலாகா வந்திருந்தது.

பதில் வராததால் இலாகா அவளைக் கடலை மண்டிக்கு அழைத்துப்போய்த் தராசில் உட்காரவைத்தது. எழுபத்தொரு ராத்தல். குமாஸ்தா ரங்கன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எடை: எழுபத்தொன்று. பெயர்: பொன்னாயி” என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பெயரை அடித்துவிட்டார். எடைக்குப் பெயர் எதற்கு?

அருணகிரி ஆத்தூர்க்காரர். அரிசி மில் வைத்திருந்தவர் மகன். இலாகாவில் சேர்ந்து அதிக நாள் ஆகாததால் படித்ததெல்லாம் இன்னும் மறக்காமல் இருந்தது. ஓடை மணலில் குச்சியால் ஒரு கோடு இழுத்து அவளுக்குக் காட்டினார்.

“இதான் பாலம். இப்போ கரையை மறந்துடு. தண்ணியை மறந்துடு. பாலத்தை மட்டும் தனியா பிரிச்சு வரையணும். அதைத் தொட்டுக்கிட்டு இருக்கற எதையும் வரையக்கூடாது. தொடற ஒவ்வொண்ணுக்கும் பதிலா ஒரு அம்பு போடணும். தெரியுதா?”

கோட்டின் நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டார்.

“இது நீ.”

கோட்டின் இரண்டு நுனியிலும் மேல்நோக்கி ஒவ்வொரு அம்பு போட்டார்.

“இந்தக் கரை உன்னில் பாதியைத் தாங்குது. அந்தக் கரை பாதியைத் தாங்குது. பாலத்தோட சொந்தப் பாரம் வேற இருக்கு, அது கிடக்கட்டும். மேல போறதும் கீழ வரதும் சரிக்குச் சரியா இருக்கறதாலதான் பாலம் அசையாம நிக்குது.”

பொன்னாயி குனிந்து பார்த்தாள். அவளும் அம்மாவும் கம்பின் நடுவில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி ஆளுக்கொரு முனையில் தூக்கி வருவார்கள். வழியில் அம்மா யாருக்கும் தெரியாமல் குடத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வாள். உடனே மகள் தோள் லேசாகிவிடும். அது படமாக இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அவளுக்கே தெரியாமல் வாய் கேட்டுவிட்டது. “நா அந்தக் கரைக்கே போயிட்டேன்னா?”

“அப்போ நீ பூரா அந்தக் கரை பொறுப்பு. இந்தக் கரைக்கு உன்னால ஒரு குன்றிமணி பாரம்கூட இல்லை.”

அன்று சாயங்காலம் அடுப்புக்கரியை எடுத்துச் சமையல்கட்டுச் சுவரில் அந்தப் படத்தை வரைந்தாள். சோளக்களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா காளியாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

“செவுத்துல என்னடி அது, நடுவுல?”

“நாந்தான்.”

காளியாத்தாள் கீழ்நோக்கிய அம்பையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அதுலயும் தலையத் தொங்கப் போட்டுட்டுத்தான் நிக்கறயா?” என்று கேட்டுவிட்டுக் களியைக் கிண்டப் போய்விட்டாள்.

அதே படத்தை அருணகிரி தாளில் வரைந்து அனுப்ப, அது இலாகாவின் தலைமை ஆலோசகர் ராவ்சாகிப் சென்னியப்பனாரிடம் போனது. அவர் பாலங்களைப் பற்றி இருபது அறிக்கைகள் வெளியிட்டவர். பாலம் எதையும் வெளியிட்டதில்லை. படத்தின் அடியில் அருணகிரி எழுதியிருந்த “பாலத்தைக் கரைகளிலிருந்து தனியாகப் பிரித்து ஆராய வேண்டும்” என்ற வரியை அவர் இரண்டு தரம் படித்தார். “நல்லது, பிரித்துவிடுங்கள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். மயில்சாமி கடலைக் காட்டிலிருந்து ஓடிவந்தார்.

“ஏனுங்க, பாலத்தை எதுக்குங்க பேக்கறீங்க?”

“பலமாக இருக்கிறதா என்று ஆராய்கிறோம்” என்றார் குமாஸ்தா ரங்கன்.

“பலமாத்தானுங்க இருக்குது. நேத்துக்கூட எருமை போச்சுங்களே.”

“அது எருமையின் அபிப்பிராயம்.”

அருணகிரி சேலத்துக்கு ஓடினார். பிரிப்பது படத்தில் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தார். படத்தில் ஒன்று, தரையில் ஒன்று என்று இரட்டை வேஷம் போட இது நாடகக் கம்பெனி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பாலத்தைப் பெயர்த்தபின் ஆராய்ச்சிக்கு ஒரு மாதிரிப் பாலம் தேவைப்பட்டது. முதலில் பனைமட்டையில் ஒரு முழ நீளத்துக்குச் செய்தார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்தால் தெரியவில்லை என்று ராவ்சாகிப் சொன்னார். மூங்கிலில் ஒரு ஆள் நீளத்துக்குச் செய்தார்கள். பனைப் பாலத்துக்கு மூங்கில் எப்படி மாதிரியாகும் என்று தணிக்கை கேட்டது. கடைசியில் மாதிரி அசலைப் போலவே அதே மரம், அதே நீளம், அதே கயிறாக இருக்க வேண்டும் என்று முடிவாகி, பெயர்த்துப் போட்ட பாலத்தையே எடுத்துச் சுண்ணாம்பு அடித்து மாதிரி ஆக்கினார்கள்.

அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு சங்கடம் வந்தது. ஓடைக்குக் குறுக்கே வைத்தால் அது பாலம். பாலம் போட உத்தரவு இல்லை. ஓடைக்கு நெடுக வைத்தால் மாதிரி. ஆகவே ஊஞ்சக்காட்டுக் கரை மேலேயே, தண்ணீரை ஒட்டி, தண்ணீர் ஓடுகிற திசையிலேயே, இரண்டு கல்மேடை கட்டி அதன் மேல் தூக்கி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு மணி. மாதிரியின் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கினால், புறப்பட்ட இடத்திலிருந்து இருபதடி தள்ளி, அதே ஊஞ்சக்காட்டில் இருக்கலாம்.

“இப்ப எம்புள்ள பள்ளிக்கூடத்துக்கு எப்படிங்க போறது?” என்று காளியாத்தாள் கேட்டாள்.

“எடை எங்கும் போகக் கூடாது” என்றார் ரங்கன். “ஆராய்ச்சி முடியும் மட்டும் அலுவலக நேரத்தில் இங்கே ஆஜராக வேண்டும்.”

அலுவலக நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்றே. மயில்சாமி யோசித்துப் பார்த்தார். சர்க்கார் என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “ரெண்டு நாளைக்கு நின்னுட்டு வா சாமி” என்று மகளிடம் சொன்னார். அந்த இரண்டு நாள் ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை போயிற்று.

காலையில் மணி அடிக்கும். “எடை ஆஜர்?” என்று ரங்கன் கேட்பார். கொட்டகையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். பொன்னாயி தலையை ஆட்டுவாள். “ஆஜர்” என்று அவரே சொல்லிக்கொண்டு எழுதிக்கொள்வார். அவள் ஏறிப்போய் மாதிரியின் நடுவில் நிற்பாள். அக்கரையில், எருமப்பட்டிச் சாலையில், மற்ற பிள்ளைகள் பையோடு போவது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

அடுத்த வினை அக்கரையிலிருந்து வந்தது. ஓடையின் இந்தக் கரை இலாகாவின் இக்கரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கரை அக்கரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு கோட்ட அலுவலகமும் சேலத்தில் ஒரே கட்டடத்தில், ஒரே தாழ்வாரத்தில், நடுவில் ஒரு தண்ணீர்ப் பானையோடு இருந்தன. பானைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தபாலில் ஒரு கடிதம் போனது: எழுபத்தொரு ராத்தல் எடையில் பாதியை மேல்நோக்கித் தாங்க அக்கரைக்கு ஆட்சேபம் உண்டா?

ஆட்சேபம் உண்டு என்று பதில் வந்தது. எடை இக்கரையில் பிறந்தது. இக்கரைச் சோற்றில் வளர்ந்தது. அதில் சரிபாதியை அக்கரை ஏன் தாங்க வேண்டும்? கால்பங்கு வேண்டுமானால் நல்லெண்ணத்தின் பேரில் தாங்கத் தயார்.

அருணகிரியிடம் கேட்டார்கள். கரைகளின் பங்கு கடிதத்தில் முடிவாவதில்லை, எடை நிற்கிற இடத்தில் முடிவாகிறது என்று அவர் சொன்னார். இந்தக் கரைக்கு நெருங்க நெருங்க அந்தக் கரையின் பங்கு குறையும். அவர் இயற்கையைச் சொன்னார். இலாகா அதை யோசனையாக எடுத்துக்கொண்டது. மறுவாரமே உத்தரவு வந்தது. மாதிரியின் இந்த முனை இக்கரை, அந்த முனை அக்கரை; எடை இக்கரைப் பக்கம் கால்பாகத்தில் நிற்க வேண்டும். எக்காரணம் கொண்டும் எடை நடுவைத் தாண்டலாகாது. நடுவில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டார்கள். ஒரு பலகையும் நட்டார்கள்: “அனுமதிக்கப்பட்ட எடை தவிர வேறெதுவும் இப்பாலத்தின் மேல் ஏறினால் வழக்குத் தொடரப்படும்.” கீழே ராவ்சாகிப் கையெழுத்து.

“ஏனுங்க குமாஸ்தா, தாண்டறதுக்குத்தானுங்களே பாலம்?” என்று கேட்டாள் காளியாத்தாள்.

“அது பொதுஜனக் கருத்து அம்மா. இலாகாவின் கருத்தில் பாலம் தாங்குவதற்கு.”

புரட்டாசியில் பொன்னாயிக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. மறுபடி தராசில் உட்காரவைத்தபோது மூன்று ராத்தல் குறைந்திருந்தாள். ரங்கன் பதறிப்போனார். அறுபத்தெட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் எல்லா அம்புகளையும் மாற்ற வேண்டும். அக்கரைக்கு மறுபடி எழுத வேண்டும். அதைவிட அவளை மாற்றுவது சுலபம். மூன்று ராத்தலில் ஒரு கல்லைத் தேடி எடுத்து, சணல் கட்டி, அவள் இடுப்பில் தொங்கவிட்டார். “உடம்பு தேறினதும் கழட்டிவிடலாம்” என்றார். தேறினாள். ஆனால் கல் அதற்குள் கணக்கில் ஏறிவிட்டதால் கழற்ற வழியில்லை. கல்லோடு சேர்த்து எழுபத்தொன்றாக இருக்க, ராத்திரிச் சோற்றைக் குறைக்கும்படி காளியாத்தாளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. காளியாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளை மடித்து அடுப்பு பற்றவைத்தாள்.

பிள்ளையின் படிப்புத்தான் நின்றுபோயிற்றே என்று சங்ககிரி மாமன் தாம்பூலத்தட்டோடு வந்து இறங்கினார். மகன் லாரிக் கம்பெனியில் கிளீனராக இருக்கிறான், தையில் முடித்துவிடலாம் என்றார். மயில்சாமி தலையைச் சொறிந்தார். பொன்னாயி பெருவிரலைப் பார்த்தாள். விஷயம் எப்படியோ கொட்டகைக்கு எட்டி, ரங்கன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“இந்தக் கல்யாணத்துக்கு இலாகா சம்மதிக்காது.”

மாமன் கண்ணை உருட்டினார். “நீங்க யாருங்க? பொண்ணுக்குச் சித்தப்பனா?”

“எடையை ஊர் மாற்ற உத்தரவில்லை. தவிர, கல்யாணம் ஆனால் எடை கூடும். என் சம்சாரம் விஷயத்தில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.”

மாமன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மட்டும் காளியாத்தாள் குமாஸ்தாவுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

ஐப்பசி பிறந்து ஓடையில் முழங்கால் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கமலவேணி டீச்சர் அக்கரையில் குடையோடு வந்து நின்று கூப்பிட்டார்.

“பொன்னாயீ! வர வெள்ளிக்கிழமைக்குள்ள வராட்டி உன் பேரை அடிச்சுருவாங்க! நான் ரெண்டு தரம் தவணை கேட்டுட்டேன். இனிமேல் கேக்க முடியாது. கேக்குதா?”

கேட்டது. அவள் பெயரை ஏற்கெனவே ஓரிடத்தில் அடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது பள்ளிக்கூடப் பதிவேடு ஒன்றுதான். பதிலுக்குக் கையைத் தூக்கினாள். அவ்வளவு உயரத்துக்கு அவள் கை போனதை ஊஞ்சக்காட்டில் யாரும் பார்த்ததில்லை.

மயில்சாமி நாக்கை உதறிப் பிரித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். “வெள்ளிக்கிழமை ஒரு பொழுதைக்குப் புள்ளைய உடுங்க சாமி.”

“வெள்ளிக்கிழமையா? அன்றைக்குத்தானய்யா மாதிரிக்குத் திறப்பு விழா! எடை இல்லாமல் அதைத் திறப்பதா? பெண் இல்லாமல் தாலி கட்டச் சொல்கிறீரே!”

வெள்ளிக்கிழமை விடிந்தது. கொல்லிமலைப் பக்கம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. பொன்னாயி எழுந்து குளித்து, பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றாள். பை கணக்கில் வராதே என்று ரங்கன் முணுமுணுத்தார். “நீங்க மாட்டுன கல்லு மட்டும் வருதுங்களா?” என்று காளியாத்தாள் கேட்டதும் அவர் தோரணம் கட்டப் போய்விட்டார்.

ராவ்சாகிப்பின் கார் அக்கரைச் சாலையில் வந்து நின்றது. ஓடையில் முழங்கால் தண்ணீர் இருந்ததால், பாலங்களின் தலைமை ஆலோசகரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். இரண்டு கோட்ட அதிகாரிகளும் காலை நனைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். பனைமட்டைத் தோரணம். ரோஜாப்பூ மாலை ஒன்று அவருக்கு, செவ்வந்தி மாலை ஒன்று மாதிரிக்கு. எடைக்கு மாலை போட்டால் எடை கூடும் என்பதால் போடவில்லை.

ராவ்சாகிப் பேச எழுந்தார்.

“பெரியோர்களே! தாய்மார்களே! பாலம் என்றால் என்ன? பாமரர்கள் அது ஒரு வழி என்று நினைக்கிறார்கள். அது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்று இலாகா விடை கண்டுவிட்டது. இந்தப் பாலத்தின் மேல் செயல்படும் கீழ்நோக்கிய விசைகளையும் மேல்நோக்கிய விசைகளையும் கூட்டினோம். மூன்று குமாஸ்தாக்களை வைத்துத் தனித்தனி அறையில் கூட்டினோம். மூவருக்கும் பூஜ்யமே வந்தது! இதன் பொருள் என்ன? மொத்தத்தில் இந்த இடத்தில் எந்தப் பாரமும் இல்லை. பாரம் இல்லாத இடத்தில் பாலம் எதற்கு? ஆகவே இந்தப் பாலத்தை ஆராய்ந்ததன் மூலம் இங்கே பாலமே தேவையில்லை என்று நிரூபித்திருக்கிறோம். அவசரப்பட்டுப் பாலத்தைக் கட்டியிருந்தால் இந்த உண்மை நமக்குத் தெரிந்திருக்குமா?”

அருணகிரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். “ஐயா, பூஜ்யம்னா பாரம் இல்லைன்னு அர்த்தமில்லை. பாரம் சரியா தாங்கப்படுது, அதனால பாலம் அசையாம நிக்குதுன்னு அர்த்தம்.”

“உட்காரும் ஓவர்சியர். அசையாமல் நிற்பதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. இலாகாவும் இருபது வருஷமாக அப்படித்தான் நிற்கிறது.”

கைதட்டல் என்று எல்லோரும் நினைத்த சத்தம் கைதட்டல் இல்லை. மலைத் தண்ணீர். செம்மண் நிறத்தில், முள்ளும் மட்டையுமாக, முழங்கால் ஓடை ஆள் உயரத்துக்கு எழுந்து இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போயிற்று. நாற்காலி தூக்கிய நான்கு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். ராவ்சாகிப்பைப் பார்த்தார்கள். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள்.

மதியம் ஆயிற்று. ராவ்சாகிப்பின் சாப்பாட்டுத் தூக்கு அக்கரையில் காரில் இருந்தது. அவர் மறுபடி எழுந்தார். இம்முறை பேச்சு சின்னதாக இருந்தது.

“இந்த ஓடைக்கு ஒரு பாலம்கூட இல்லையா?”

காளியாத்தாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இருக்குதுங்க. நெடுக்கக் கெடக்குதுங்க. குறுக்கப் போட்டா ஆவுது. இதுக்குமொரு படம் வரையோணுமா?”

“குறுக்கே போட்டால் அது பாலமாகிவிடும்!” என்று கத்தினார் ரங்கன். “பாலத்துக்கு உத்தரவு இல்லை!”

ராவ்சாகிப்பின் வயிறு உறுமியது. “மாதிரியைத் திருப்பிவைத்ததாக எழுதிக்கொள்ளும்” என்றார்.

பொன்னாயி இறங்கி நின்றாள். மயில்சாமியும் ஊர்க்காரர்களும் கடப்பாரை கொடுத்து மாதிரியைத் திருப்பினார்கள். அதன் முன்முனையில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியில் கல் கட்டி அக்கரைக்கு எறிந்தார்கள். அங்கே கார் டிரைவர் காளியப்பன் அதைப் புளியமரக் கவட்டில் போட்டுக் காரில் கட்டி, காரைப் பின்னால் நகர்த்த, பாலத்தின் மூக்கு மேலே எழுந்து தண்ணீருக்கு மேலாகப் போயிற்று. இந்த முனை தூக்கிக்கொண்டது.

“வாலுல பாரம் வேணுஞ்சாமி! கனமா யாராச்சும் ஏறி உக்காருங்க!” என்று மயில்சாமி கத்தினார். நாக்கு ஒட்டவே இல்லை. ராவ்சாகிப்பும் இரண்டு கோட்ட அதிகாரிகளும் ஏறி வரிசையாக உட்கார்ந்தார்கள். மூக்கு இறங்கப் பார்த்தபோதெல்லாம் அவர்கள் பாரம் அதை நிமிர்த்தியது. இலாகா தன் முழுக் கனத்தையும் ஒரு வேலையில் இறக்கியது அதுவே முதல் தடவை. பாலம் பழைய இடத்தில், பழைய கரைகளின் மேல், பொத்தென்று உட்கார்ந்தது.

ராவ்சாகிப் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.

“ஐயா, மன்னிக்க வேண்டும்” என்று ரங்கன் குறுக்கே வந்து நின்றார். அவர் குரலில் துளிக் கிண்டல் இல்லை; கண்ணில் தண்ணீர் இருந்தது. “திருப்பும்போது ஏறியது வேலைக் கணக்கில் போகும். இனி அனுமதிக்கப்பட்ட எடை எழுபத்தொன்று. ஐயா இருநூறுக்குக் குறையாது. ஐயா போட்ட கையெழுத்து அதோ, பலகையில்.”

ராவ்சாகிப் பலகையைப் படித்தார். சொந்தக் கையெழுத்தைத் தாண்டிப் போன அதிகாரி அந்த இலாகாவில் இதுவரை இல்லை. காலைப் பின்னால் வைத்தார்.

“சரி. எடை போகட்டும். டிரைவரிடம் தூக்கை வாங்கிக்கொண்டு வரட்டும்.”

“நடு வரைக்கும்தான் ஐயா உத்தரவு.”

“நடுவில் நின்று கையை நீட்டி வாங்கட்டுமய்யா!”

எல்லோரும் பொன்னாயியைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒன்றாகப் பார்த்தால் சாதாரணமாக அவளுக்குக் கால் பின்னிக்கொள்ளும். பையைச் சரியாகப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறினாள். கீழே செந்தண்ணீர் பாலத்தை உரசிக்கொண்டு ஓடியது. கால்பாகத்தில் அவள் தினமும் நின்று நின்று சுண்ணாம்பு தேய்ந்த இடம் வந்தது. தாண்டினாள். சிவப்புக் கோடு வந்தது. நின்றாள்.

அக்கரை முனையில் காளியப்பன் தூக்கை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கமலவேணி டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். இக்கரையில், “கையை நீட்டு! நீட்டு!” என்று ராவ்சாகிப்பின் குரல் கேட்டது.

பொன்னாயி கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள். சணல் முடிச்சை அவிழ்த்தாள். கல்லை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு கணம் எடை பார்ப்பதுபோல் வைத்திருந்து, ஓடையில் போட்டாள். பாலம் அவள் காலடியில் லேசாக மூச்சு விட்டது.

“எடை! எடை குறைந்துவிட்டது!” என்று ரங்கன் அலறினார். “நடுவைத் தாண்டாதே! அக்கரை ஒப்புக்கொள்ளாது!”

அவள் கோட்டைத் தாண்டினாள். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இருந்த கரையின் அம்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. முன்னால் இருந்த கரையின் அம்பு வளர்ந்துகொண்டே வந்தது. படத்தில் பார்க்கிறபோது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தெரியவில்லை. அருணகிரி மட்டும் இக்கரையில், யாருக்கும் கேட்காமல், அவள் அடிகளோடு சேர்த்து இக்கரையின் பங்கு குறைவதை உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தார்: கால்... அரைக்கால்... வீசம்...

மண் வந்தது. ஏறினாள். ஊஞ்சக்காட்டுக் கரைக்கு இனி அவளால் ஒரு குன்றிமணிப் பாரமும் இல்லை.

காளியப்பன் தூக்கை நீட்டியபடியே இருந்தார். பின்னால் “எடை! எடை!” என்று இலாகா முழுவதும் சேர்ந்து கூப்பிட்டது. அது அவள் பெயர் இல்லை. தூக்கைத் தொடாமல், திரும்பிப் பாராமல், தலையை நிமிர்த்திக்கொண்டு பொன்னாயி பள்ளிக்கூடச் சாலையில் நடந்து போனாள்.